ஏரிக்குள் ஒரு பட்டணம்

தியாகராய நகரில் தீபாவளிக்குத் துணி எடுக்காத பழைய மாணவர் நம்மில் இருக்க முடியாது. நாம் இடிபட்டு நடந்த அந்தத் தரையில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ஏரி என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த ஏரியை வெள்ளைக்காரர்கள் 'லாங் டேங்க்' என்றார்கள். படகுப் போட்டிகூட அதில் நடந்திருக்கிறது. 1920-களில் தண்ணீரை வடித்து மனை போட்டார்கள். தியாகராய நகர் பிறந்தது. நுங்கம்பாக்கம் ஏரியும் பின்னால் அதே வழி போனது. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது அந்த ஏரிப் படுகையில்தான். ஏரி போனாலும் பெயர் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு! எந்த ஏரியைப் பார்க்க, எந்தக் கரையில் நடக்க என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

சென்னை கடலோரத்துத் தட்டை நிலம். மழைநீர் தானாக ஓடிவிடாது. கூவம், அடையாறு முகத்துவாரங்களில் மணல் அடைத்துக்கொண்டாலோ, கடல் ஏற்றமாக இருந்தாலோ திரும்பி நிற்கும். அதுவரை தாங்கிப் பிடிக்கத்தான் ஏரிகளும் தெற்கே பள்ளிக்கரணைக் கழுவெளியும் இருந்தன. கழுவெளியில் குப்பைமேடும் கட்டடங்களும் போக மிச்சத்துக்கு 2022-ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. வடக்கு தெற்காக ஓடும் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம். இதை யார் யோசனை என்று சொல்வது!

2015 டிசம்பர் 1-ம் தேதியை ஒட்டிய ஒரு நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அன்றிரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். மழையும் அதிகம், திறந்துவிட்ட நேரமும் சர்ச்சைதான். ஆனால் அடையாற்றின் வெள்ளச் சமவெளியில் வீடு கட்டியது அந்த ஒரு ராத்திரியில் நடந்ததல்ல. 2023 மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி மூழ்கின.

ஃபிளாட் வாங்கப் போகும் நண்பர்களே, வில்லங்கச் சான்றிதழோடு பழைய சர்வே வரைபடத்தையும் ஒரு தரம் பாருங்கள். ஏரி, தாங்கல், ஓடை என்று எழுதியிருக்கும். இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை: உங்கள் தெருவில் 2015-ல் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று வீட்டுக்கு வீடு கேட்டுக் குறித்து, கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். சுவரில் இருந்த கறையையெல்லாம் வெள்ளையடித்து மறைத்தாகிவிட்டது. பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.