பச்சை மூடியின் பூர்வீகம்

திருவள்ளூரிலிருந்து திருத்தணி ரோட்டில் போகிறவர்கள் "இங்கு நைட்ரஜன் காற்று நிரப்பப்படும்" என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். திருப்பாச்சூர் பக்கம் நான் விசாரித்தபோது ஒரு டயருக்கு 20 ரூபாய் சொன்னார்கள். போட்டு முடித்ததும் வால்வுக்குப் பச்சை மூடி மாட்டிவிடுவார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், மீதி 22க்குத்தான் இந்தக் காசு. காசு கூடப் பரவாயில்லை. "இனிமே மாசக்கணக்கா டயரைப் பார்க்கவே வேணாம் சார்" என்று கூடவே ஒரு நம்பிக்கையைத் தருகிறார்களே, அதுதான் எனக்கு உறுத்தியது. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

தேடினால் அது விமானத்தில் போய் நின்றது.

1986 மார்ச் 31. மெக்சிகோ சிட்டியிலிருந்து கிளம்பிய மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727, கொஞ்ச நேரத்திலேயே மலையில் விழுந்து 167 பேர் இறந்தார்கள். பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே மடித்து வைத்திருந்த சக்கரத்தின் டயர் பறக்கும்போதே வெடித்திருக்கிறது. எரிபொருள் குழாய்களும் மின் கம்பிகளும் அறுந்து தீப்பிடித்தது. அந்த டயரில் இருந்தது நைட்ரஜன் அல்ல, சாதாரணக் காற்று. ரப்பர் ரொம்பச் சூடானால் அதிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் கசியும். உள்ளேயே ஆக்ஸிஜனும் இருந்தால் வெளியிலிருந்து நெருப்பே வேண்டாம், டயர் குண்டு மாதிரி வெடிக்கும். அடுத்த வருடமே அமெரிக்க விமானத் துறை, பெரிய விமானங்களில் பிரேக் உள்ள சக்கரங்களுக்கு நைட்ரஜன் போன்ற மந்த வாயுதான் நிரப்ப வேண்டும், ஆக்ஸிஜன் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

விமானத்தில் இதற்குக் காரணம் இருக்கிறது. ரேஸ் கார்களிலும் இருக்கிறது: ஈரப்பதம் இல்லாத வாயு என்றால் சூட்டில் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று துல்லியமாகக் கணக்குப் போடலாம். நம் கார் டயர் விமான பிரேக் அளவுக்குச் சூடாவதில்லை. ஆனால் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் மெஷின் சின்னதாக வந்ததும், வழக்கம் மட்டும் டயர் கடைக்கு இறங்கி வந்துவிட்டது. காரணம் மேலேயே தங்கிவிட்டது. 2019 ஜூலையில் யமுனா எக்ஸ்பிரஸ்வே பஸ் விபத்துக்குப் பிறகு, டயரில் நைட்ரஜனைக் கட்டாயமாக்கும் யோசனை நம் மாநிலங்களவை வரை போனது.

கடையில் போடுவது எவ்வளவு சுத்தம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றை முழுக்க இறக்கினாலும், வெளியே உள்ள அழுத்தத்துக்குச் சமமாக 14.7 பிஎஸ்ஐ காற்று உள்ளேயே நிற்கும். அதன்மேல் 95 சதவீத நைட்ரஜனை 30 பிஎஸ்ஐ ஏற்றினால், டயருக்குள் கிடைப்பது சுமார் 89 சதவீதம். இறக்காமல் மேலாக நிரப்பினால் இன்னும் குறைவு. "நைட்ரஜன் சூட்டில் விரியாது" என்பதும் சரியில்லை. 25 டிகிரியில் 30 பிஎஸ்ஐ இருக்கும் டயர் 60 டிகிரிக்குப் போனால், காய்ந்த காற்றானாலும் நைட்ரஜனானாலும் 35ஐத் தொடும். பத்தாம் வகுப்பு வாயு விதிதான்.

ஒன்றுமே லாபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ரப்பர் வழியாக நைட்ரஜன் மெதுவாகத்தான் கசிகிறது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 31 மாடல் டயர்களை 30 பிஎஸ்ஐயில் ஒரு வருடம் வைத்துப் பார்த்து 2007இல் எழுதியது: காற்று போட்டதில் 3.5 குறைந்தது, நைட்ரஜன் போட்டதில் 2.2. வருடத்துக்கு 1.3 பிஎஸ்ஐ, அவ்வளவுதான் வித்தியாசம். நைட்ரஜன் போட்டாலும் டயர் இறங்கத்தான் செய்கிறது என்பதையும் அதிலேயே பார்க்கலாம். நம்ம மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி வட்டம் தேர்வாய் கண்டிகையில் ஆலை வைத்திருக்கும் மிஷலினும் தன் டயருக்கு இரண்டில் எதுவானாலும் சரி என்றுதான் சொல்கிறது. (அந்த சிப்காட்டுக்கு மேய்க்கால் நிலம் எடுத்ததை எதிர்த்து ஊர்க்காரர்கள் போராடியதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

ரோட்டில் டயர் வெடிப்பதற்கு வேறு சரித்திரம் உண்டு. அழுத்தம் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும். வேகம், லோடு, சித்திரை வெயில் மூன்றும் சேர்ந்தால் பிய்ந்துவிடும். 2000இல் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் விபத்துகளுக்குப் பிறகு ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அதற்கு அந்த நாடு கண்ட தீர்வுகளில் நைட்ரஜன் இல்லை. டயர் இறங்கினால் டாஷ்போர்டில் விளக்கு எரியும் சென்சாரைப் புதுக் கார்களில் கட்டாயமாக்கினார்கள்.

நம்மில் பல பேருடைய வண்டியில் அந்தச் சென்சார் இல்லை. பச்சை மூடி இருக்கிறது என்று சும்மா விட்டவர்களும், திருப்பதிக்குக் குடும்பத்தோடு கிளம்புகிற அன்று காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் ஒரு தடவை அளந்து பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். குறைந்தால் பெட்ரோல் பங்க்கின் சாதாரணக் காற்றையே நைட்ரஜனுக்கு மேலே ஏற்றிக்கொள்ளலாம். கலந்தால் டயருக்கு ஒன்றும் ஆகாது.