பொன்னும் ஹுன்னும்

சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் இந்திக் கதையொன்றைத் தமிழாக்கிக் கொண்டிருந்தேன். ஒரு வணிகன் வீட்டில் ‘ஹுன் பொழிந்தது’ என்று அதில் வந்தது. எனக்கு நினைவில் எழுந்தது குப்தர் காலத்து ஹூணர் படை! வணிகன் வீட்டில் ஹூணருக்கு என்ன வேலை? அகராதியைப் புரட்டினேன். ஹுன் என்பது தென்னாட்டுப் பொற்காசாம். அது பொழிவதாவது செல்வம் கொழிப்பது. அந்த ஹுன் நம் பொன்னுக்கு உறவு என்பது பின்னரே விளங்கிற்று.

உறவு வந்த வழி கன்னடம். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் இடைக்காலத்தில் ஹகரமாயிற்று. பால் அங்கே ஹாலு, பள்ளி ஹள்ளி, பொன் ஹொன்னு. பெங்களூர் வாழ் நேயர்கள் நாள்தோறும் கேட்கும் மாற்றம் இது. பொன்னாலாகிய காசும் அங்கே ஹொன்னு எனப்பட்டது. 1336-ல் தோன்றிய விஜயநகரப் பேரரசின் வராகன், ஏறத்தாழ 3.4 கிராம் எடையுள்ளது, தக்காணமெங்கும் செலாவணியாயிற்று. அவ்வகைக் காசை மராட்டியர் ‘ஹோன்’ என்றனர். 1674-ல் ராய்கட்டில் முடிசூடிய சிவாஜி வெளியிட்ட பொற்காசு ‘சிவராயி ஹோன்’. மராத்தியில் தங்கத்திற்குச் ‘சோனே’ என்ற சொல் முன்னமே உண்டு. ஆதலின் ஹோன் காசை மட்டுமே குறித்தது. உலோகப் பொருள் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

தமிழில் நிகழ்ந்ததோ வேறு. இங்கே பொன் என்பது பொதுவாக உலோகத்தையும் குறித்தது. வெள்ளி வெண்பொன், இரும்பு கரும்பொன். ஐம்பொன் சிலையில் பெரும்பகுதி செம்பே. ஐந்து வகைத் தங்கம் என்று எவரேனும் மொழிபெயர்த்தால் கேலிக்கூத்தாகும். வானத்து வியாழனும் பொன்தான். ‘பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது’ என்பதில் வரும் பொன் அக்கோளே என்பார் உளர். புதன் கதிரவனை ஒட்டியே திரிவதால் கண்ணுக்கு அரிது. இவ்விளக்கம் எனக்கு ஏற்புடையதே.

காசு என்ற பொருள்தான் தமிழில் மங்கிற்று. 1818-ல் சென்னை மாகாணத்தில் ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் எனக் கணக்கிட்டு வெள்ளி ரூபாயை நிலைப்படுத்தினர். அதன்பின் பொன்னை எண்ணிக் கொடுக்கும் வழக்கம் கதைகளில் மட்டுமே எஞ்சியது. புலவனுக்கு அரசன் ஆயிரம் பொன் அளித்தான் என்று தில்லியில் பிறந்த என் மகளுக்குக் கதை சொன்னபோது, “அத்தனையும் எத்தனை கிலோ, அப்பா?” என்று கேட்டாள். மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறையும் என்றேன்.