ஆணியில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் 'கிளோய்' என்றொரு வினைச்சொல் உண்டு. தமிழில் 'தெவிட்டு', 'திகட்டு' எனலாம். முதலில் சுவைத்த பண்டமே அளவு மிஞ்சியதும் வெறுப்பைத் தருகிறதல்லவா, அந்த நிலையையே அது குறிக்கிறது. ஆனால் இச்சொல் பிறந்த இடம் விருந்து மண்டபம் அன்று. குதிரைக்கு லாடம் அடிக்கும் கொட்டில்!

இலத்தீனில் 'கிளாவுஸ்' என்றால் ஆணி. அதன்வழி 'ஆணி அறைதல்' எனும் பொருளுடைய வினை பழைய பிரெஞ்சில் உருவானது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் ஆங்கிலத்துள் புகுந்த பிரெஞ்சுச் சொற்கள் ஏராளம். அவ்வாறு வந்த 'அக்கிளோய்' என்பது முதலெழுத்துத் தேய்ந்து 'கிளோய்' ஆயிற்று. லாடம் அடிப்பவரின் கை தவறி, ஆணி குளம்பின் உயிர்த்தசையில் இறங்கினால் குதிரை நொண்டும். அந்த ஊறே இச்சொல்லின் பழம்பொருள்.

பின்னர் அது போர்க்களத்துக்கும் சென்றது. பீரங்கி எதிரியின் கையிற் சிக்கும் நிலை வந்தால், தீ வைக்கும் துளையில் ஆணி அறைந்து அதைப் பயனற்றதாக்குவர். அச்செயலுக்கும் இதே சொல்தான். அடைத்தல் எனும் பொருள், வயிறு முட்ட நிரப்புதல் என விரிந்து, 16ஆம் நூற்றாண்டில் தெவிட்டுதலாக நிலைபெற்றது.

அந்நூற்றாண்டின் இங்கிலாந்தில் சீனி செல்வந்தரின் பண்டம். 1598இல் அங்கு சென்ற ஜெர்மானியப் பயணி பவுல் ஹென்ட்ஸ்னர், முதலாம் எலிசபெத் அரசியின் பற்கள் கறுத்திருந்ததைக் குறித்து, ஆங்கிலேயரின் மிதமிஞ்சிய சீனி மோகமே அதற்குக் காரணம் என எழுதினார். 1640களிலிருந்து பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்டங்கள் பெருகின. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பே அவற்றை இயக்கியது. பிரித்தானியா அடிமை வணிகத்தைத் தடைசெய்தது 1807இல். தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது 1833இல். ஒருவருக்குத் தெவிட்டிய இனிப்பு மற்றொருவரின் குருதியில் விளைந்தது என்பதை வரலாறு மறக்கவில்லை.

இலக்கியமும் இச்சொல்லைக் கைவிடவில்லை. ஏனைய பெண்கள் தெவிட்டுவர், கிளியோபாற்றா அவ்வாறல்லள் என்று தம் நாடகத்தில் ஒரு பாத்திரத்தைப் பேசவைக்கிறார் ஷேக்ஸ்பியர். 1819இல் கீற்ஸ் காதலின் மிகுதியைச் சொல்ல இதனையே கையாண்டார்.

இன்று இச்சொல் 'கிளோயிங்' எனும் பெயரடையாகவே பெரிதும் வழங்குகிறது. அளவு கடந்த வாசனைத் திரவியமும் மிகையுருக்கமான திரைப்படமும் இதற்கு இலக்காகும். மொழிபெயர்ப்போர் இதைச் 'சலிப்பு' என்று எழுதிவிடுவதுண்டு. அது பொருந்தாது. உப்பு மிகுந்த குழம்பு தெவிட்டாது, கசக்கவே செய்யும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சலிக்கும். முதலில் இனித்தது மட்டுமே தெவிட்டும். இந்நுட்பத்தைத் தமிழ்ச் சொல் அப்படியே ஏந்தி நிற்கிறது. 'தெவிட்டாத' என எதிர்மறையாக்கி அதையே புகழ்மொழியாகவும் நாம் வழங்குகிறோம்.

நம் வீட்டுக் கராம்புக்கும் இதில் உறவுண்டு. 'குளோவ்' எனும் அதன் ஆங்கிலப் பெயரும் அதே இலத்தீன் ஆணியிலிருந்து வந்ததே. உலர்ந்த மொட்டின் வடிவத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பாராட்டு விழாக்களில் பேசுவோரும் அஞ்சலிக் குறிப்பு எழுதுவோரும் இச்சொல்லின் வரலாற்றை ஒருமுறை எண்ணிப்பார்ப்பது நன்று. புகழுரை அளவு மீறினால், கேட்போர் நம்புவதை நிறுத்திவிடுகின்றனர். புகழப்பட்டவருக்கு உண்மையிலேயே உரிய பெருமையும் அத்தோடு நொண்டிவிடுகிறது.