பொய் சொன்ன வரி எண்

போன வாரம் எங்கள் துறையின் முன்னாள் மாணவர் பட்டியலைத் தூசி தட்டும் வேலை என் தலையில் விழுந்தது. எந்தக் காலத்திலோ ஒரு சீனியர் பிஎச்பியில் எழுதி விட்டுப்போன கோடு. புது சர்வரில் ஏற்றினால், 'மைஎஸ்க்யூஎல் குவெரி' என்று ஒரு ஃபங்ஷனே கிடையாது என்று எர்ரர். ஏன் கிடையாது என்று தோண்டியதில் கிடைத்த கதை இது.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதிய கருவிகளை பிஎச்பி என்று வெளியிட்டது 1995இல். ஸ்வீடனில் மைஎஸ்க்யூஎல் பிறந்ததும் அதே ஆண்டுதான். இரண்டும் ஓசி, ஜோடி சேர்ந்தன.

சிக்கல் இங்கேதான். குவெரி தப்பாக இருந்தால் அந்தப் பழைய ஃபங்ஷன் 'ஃபால்ஸ்' என்று ஒரு விடையைக் கையில் கொடுத்துவிட்டு கம்மென்று இருக்கும். அடுத்து வரிசைகளை எடுக்க வரும் ஃபங்ஷன்தான், 'நீ கொடுத்தது செல்லுபடியாகும் ரிசல்ட்டே இல்லை' என்று கத்தும். 12ஆம் வரியில் காலம் பெயரைத் தப்பாக அடித்திருப்போம், எர்ரர் 15ஆம் வரியைக் காட்டும். ஒரு தலைமுறையே 15ஆம் வரியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது! (நம்ம இருப்பாய்வு மாதிரிதான். வித்தியாசம் தெரிவது கடைசியில், தப்பு எங்கோ ஒரு குறிப்பேட்டுப் பதிவில். அனாமத்துக் கணக்கு போட்டுச் சமாளிக்கும் வசதிதான் இங்கே இல்லை.)

இதற்கு நாட்டு வைத்தியம் 'ஆர் டை'. குவெரி வரியின் கடைசியில் ஒட்டிவிட்டால், மைஎஸ்க்யூஎல் சொல்லும் உண்மையான காரணத்தைத் திரையில் அச்சடித்துவிட்டு நின்றுவிடும். அருமைதான், ஆனால் பலரும் தளம் ஓட ஆரம்பித்த பிறகும் அதை எடுக்கவில்லை. உள்ளே புகப் பார்க்கிறவனுக்கு டேபிள் பெயரைத் தட்டில் வைத்துக் கொடுத்த கதை. எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் பற்றி ப்ராக் இதழில் 1998லேயே எழுதியாகிவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2004இல் பிஎச்பி 5 உடன் மைஎஸ்க்யூஎல்ஐ, 2005இல் பிடிஓ. பழையது 2015 டிசம்பரில் பிஎச்பி 7 வந்தபோது தூக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால் புதியவையும் முதலில் ஊமைதான். நாமாகச் சொன்னால்தான் எக்ஸெப்ஷன் வீசும். சொல்லாமலேயே கத்தும் பழக்கம் பிடிஓவுக்கு 2020இலும் மைஎஸ்க்யூஎல்ஐக்கு 2021இலும்தான் வந்தது.

இத்தனையும் படித்து, கோடை பிடிஓவுக்கு மாற்றி ஓட்டினேன். ஒரு எர்ரரும் இல்லை. ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் '?????'!

மைஎஸ்க்யூஎல் ஸ்வீடன்காரர்களுடையது என்பதால் 2018இல் 8.0 வரும்வரை அதன் இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன்1. அந்த டேபிளில் தமிழை யூனிகோடாக அனுப்பினால், அந்நாள் பதிப்புகள் வெறும் எச்சரிக்கையோடு ஒவ்வொரு எழுத்தையும் கேள்விக்குறியாக்கிச் சேமித்துவிடும். யாரும் பார்க்காத எச்சரிக்கை. எழுத்து குழம்பித் தெரிந்தால் மீட்க வழியுண்டு, கேள்விக்குறியே சேமிப்பாகிவிட்டால் போனது போனதுதான்.

தொலைபேசி எண்கள் மட்டும் தப்பித்திருக்கின்றன. நேற்றிலிருந்து ஒவ்வொன்றாக அழைத்து, "அண்ணா, உங்க பேர் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன் :-)