பட்டியலில் ஏறியவர்களும் ஏறாதவர்களும்: பினாங்கின் தொடக்ககாலக் காற்பந்து வீரர்களுக்குக் கிடைத்த சிறப்பு

ஆடுகிற காலத்திலேயே ஆட்டக்காரரைப் பெயர் குறித்துச் சிறப்பிக்கும் வழக்கத்துக்கு அமெரிக்கக் கல்லூரிகள் தெளிவான சான்று தருகின்றன. வால்டர் கேம்ப், கேஸ்பர் விட்னி ஆகிய இருவரோடும் சேர்த்துப் பேசப்படும் முதல் ‘ஆல் அமெரிக்கா’ பட்டியல் 1889இல் வெளிவந்தது. அதிலிருந்த பதினொருவரில் ஐவர் பிரின்ஸ்டன், மூவர் யேல், மூவர் ஹார்வர்ட். அவர்கள் ஆடியது அமெரிக்கப் பாணி ஆட்டம், நம் காற்பந்து அன்று. ஆயினும் பட்டியல் செய்த வேலை கவனிக்கத்தக்கது. 1951இல் கல்லூரிக் காற்பந்துப் புகழ்மண்டபம் தன் முதல் வரிசையைத் தேர்ந்தபோது, 1889ஆம் ஆண்டுப் பதினொருவரில் இருந்த யேல் வீரர்கள் ஹெஃபெல்ஃபிங்கரும் ஸ்டாக்கும் அதில் இடம்பெற்றார்கள். அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் பெயர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

பினாங்கில் சிறப்பு வேறு வழியில் வந்தது. இங்கே முதலில் கொண்டாடப்பட்டது குழு. 1921இல் ‘மலாயா’ என்ற போர்க்கப்பல் இந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தது. அக்கப்பலார் அளித்த கிண்ணத்துக்காக மாநிலங்கள் மோதத் தொடங்கின. முதல் மலாயாக் கிண்ணத்தைச் சிலாங்கூரை வென்று சிங்கப்பூர் எடுத்துச் சென்றது. பினாங்கு காத்திருந்தது 1953 வரை. அடுத்த ஆண்டும் வென்றது, 1958இல் மீண்டும் வென்றது. 1967இல் அது மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியபின் 1974இல் நான்காம் முறையும் பினாங்கின் கைக்கு வந்தது. கிண்ணத்தின் வரலாற்றில் பொறிக்கப்படுவது மாநிலத்தின் பெயர். கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் செய்தித்தாளோடு நின்றுவிடும். இதுதான் இக்கட்டுரையின் மையச் சிக்கல்: 1953க்கு முன் முப்பது ஆண்டுகளாகத் தோற்றும் ஆடியும் இந்த ஊரில் காற்பந்தை வளர்த்தவர்களுக்குக் கிண்ணமும் இல்லை, பட்டியலும் இல்லை. மாநிலச் சட்டையை அணிந்ததே அவர்கள் பெற்ற சிறப்பு.

தனியாளைச் சிறப்பிக்கும் வழக்கத்தை ஆசிய அளவுக்குக் கொண்டுவந்த காலத்தில் தலைமையில் இருந்தவர் பினாங்குப் பள்ளியில் படித்த ஒருவர் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. 1816இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் நிறுவிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல், அந்நாளில் ஃபார்க்குவார் தெருவில் இருந்தது. அலோர் ஸ்டாரிலிருந்து வந்து அங்கே படித்த துங்கு அப்துல் ரஹ்மான் பின்னாளில் கேம்பிரிட்ஜ் சென்றார். 1951இல் மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார். 1957இல் நாட்டின் முதல் பிரதமரான அதே ஆண்டில் மெர்டேக்கா போட்டி தொடங்கியது. 1958 முதல் 1977 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவரும் அவரே.

அந்தக் காலத்தில், 1960களின் நடுவில், ஆசிய நட்சத்திரக் குழு என்ற தேர்வு வந்தது. மலேசியாவின் கனி மின்ஹாட் அதில் இடம்பெற்றார். இந்தியாவின் ஜர்னைல் சிங் அதற்குத் தலைமை தாங்கினார். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு ஆடிப் புகழ்பெற்ற கோல்காவலர் பீட்டர் தங்கராஜும் ஆசிய நட்சத்திரமானார். 1967இல் அர்ஜுனா விருதும் பெற்றார். கண்டத்தின் அளவில் ஒரு பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டது முக்கியமானது. ஆனால் நாட்டுக்காக ஆடிப் பெயர் பெற்றவர்களே அதன் கண்ணில் பட்டார்கள்.

பினாங்கின் நமாட் அப்துல்லாவும் ஷஹாருடின் அப்துல்லாவும் அத்தகைய வாய்ப்பைப் பெற்ற தலைமுறை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் காற்பந்துக் குழுவில் அவர்கள் இருந்தார்கள். மேற்கு ஜெர்மனியிடமும் மொராக்கோவிடமும் தோற்ற அக்குழு அமெரிக்காவை 3-0 என வென்றது. 1980 ஒலிம்பிக்குக்கும் மலேசியா தகுதிபெற்றது. புறக்கணிப்பினால் மாஸ்கோ செல்லவில்லை. 2004இல் மலேசிய ஒலிம்பிக் மன்றம் மியூனிக் குழுவைத் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்தது. முப்பத்திரண்டு ஆண்டு தாமதம் என்றாலும், ஒலிம்பிக் ஆவணத்தில் எல்லோருடைய பெயரும் இருந்ததால் ஒருவரும் விடுபட வழியில்லை.

1920களின், 1930களின் பினாங்கு வீரர்களுக்கு அத்தகைய ஆவணத்தை இனித்தான் தொகுக்க வேண்டும். மூலங்கள் உண்டு. 1903இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’வும் அதற்கும் மூத்த ‘பினாங்கு கெஜட்’டும் பழைய ஊர்ச்செய்திகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றோடு ஃப்ரீ ஸ்கூல், செயின்ட் சேவியர் ஆகிய பள்ளிகளின் மலர்களையும் வைத்து ஒப்பிட்டால், பள்ளித் திடலிலிருந்து மாநிலக் குழுவுக்கு யார் யார் சென்றார்கள் என்பதை ஆண்டுவாரியாக எழுதலாம். மலாய், சீன, தமிழ், யூரேசியப் பெயர்கள் பல எழுத்துக்கூட்டல்களில் வருமாதலால் குடும்பங்களின் உதவி தேவைப்படும்.

ஃபார்க்குவார் தெருவின் பழைய பள்ளிக் கட்டடம் பின்னர் மாநில அருங்காட்சியகமானது. அங்கேயே இந்தத் தொகுப்புக்கு இடம் ஒதுக்குவது பொருத்தம். தாத்தாவின் குழுப் புகைப்படமோ, பதக்கமோ, போட்டிச் சான்றிதழோ வீட்டில் வைத்திருக்கும் பினாங்குக் குடும்பங்கள், படத்தில் இருப்பவர்களின் பெயர்களை அதன் பின்புறம் இடமிருந்து வலமாக எழுதி, ஒரு படியைப் பள்ளிக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுத்துவிடுங்கள்.