வேரும் கொப்பும்



வேரைக் குறிக்கும் ‘ரூட்’ என்னும் ஆங்கிலச் சொல் ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. வேருக்கான லத்தீன் சொல் ‘ராடிக்ஸ்’. முள்ளங்கியைக் குறிக்கும் ‘ராடிஷ்’ அதிலிருந்து பிறந்தது. அடிப்படை மாற்றத்தை நாடுவோரைக் குறிக்கும் ‘ரேடிக்கல்’, அடியோடு ஒழிப்பதைக் குறிக்கும் ‘எராடிகேட்’ ஆகியவையும் அதன் பிள்ளைகளே. மண்ணுக்குள் இருந்த சொல் இவ்வாறு மனிதரின் எண்ணங்களுக்குள்ளும் ஊன்றிக்கொண்டது.

ஆங்கிலத்தில் ஒன்றை முழுமையாக மாற்றவேண்டும் என்பதற்கு இன்றும் ‘ரூட் அண்டு பிராஞ்ச்’ என்று சொல்லுகிறார்கள். இது மல்கியா 4:1-ஐத் தழுவிய வழக்கு. நம் தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் வேர், கொப்பு என்னும் சொற்களை ஆளுகிறது. இந்த வசனம் ஒருகாலத்தில் அரசியல் முழக்கமாக மாறிய வரலாற்றை இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

1637-ஆம் ஆண்டு. கான்டர்பரியின் பிரதமப் பேராயர் வில்லியம் லாட் வகுத்த ஆராதனை முறைகளை இங்கிலாந்தில் பலர் ஏற்கவில்லை. பேராயர்களை எதிர்த்து எழுதியதற்காக வழக்கறிஞர் வில்லியம் பிரின், குருவானவர் ஹென்றி பர்ட்டன், மருத்துவர் ஜான் பாஸ்ட்விக் ஆகிய மூவரையும் ‘ஸ்டார் சேம்பர்’ என்னும் நீதிமன்றம் தண்டித்தது. வெஸ்ட்மின்ஸ்டரில் ஜனங்களின் கண்முன்னே அவர்களுடைய காதுகள் அறுக்கப்பட்டன.

அந்தக் காயத்தை மக்கள் மறக்கவில்லை. 1640 டிசம்பர் 11 அன்று லண்டன் நகரத்தார் ஏறத்தாழ 15,000 பேர் கையொப்பமிட்ட மனு ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. பேராயர் ஆட்சிமுறையை வேரோடும் கிளைகளோடும் நீக்கவேண்டும் என்பதே அதன் வேண்டுதல். அதனாலேயே அது ‘வேரும் கிளையும் மனு’ என்று சரித்திரத்தில் பெயர்பெற்றது. மறு ஆண்டு வந்த அதே நோக்கமுள்ள மசோதா நிறைவேறவில்லை. ஆயினும் உள்நாட்டுப் போரின் நடுவே, 1645-இல் லாட் சிரச்சேதம் செய்யப்பட்டார். 1646-இல் பேராயர் பதவியே ஒழிக்கப்பட்டது. வேர் பிடுங்கப்பட்டது என்றே பலரும் எண்ணினார்கள்.

பிரியமானவர்களே, பிடுங்கியவர்கள் அடுத்துச் செய்ததைக் கவனியுங்கள். 1645-இல் அவர்கள் பொது ஜெபப் புத்தகத்தைத் தடைசெய்தார்கள். ஆலயத்தில் மட்டுமல்ல, வீட்டில் குடும்பமாக அதைக்கொண்டு ஜெபித்தாலும் அபராதம் என்று சட்டம் வகுத்தார்கள். நேற்று மனச்சாட்சிக்காகப் பாடுபட்டவர்கள் இன்று பிறர் மனச்சாட்சியின்மேல் கைவைத்தார்கள். 1660-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் திரும்பினார்; பேராயர்களும் திரும்பினார்கள். 1662-இல் ஒருமைப்பாட்டுச் சட்டம் வந்தது. அதற்கு இணங்க மறுத்தவர்கள் உட்பட ஏறத்தாழ 2,000 போதகர்கள் அக்காலத்தில் தங்கள் சபைகளை இழந்தார்கள்.

அப்படியானால் அநீதியை எதிர்த்ததே வீண் என்று சொல்லலாமா? கூடாது. காதுகளை அறுத்த ஸ்டார் சேம்பர் 1641-இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. மன்னர் திரும்பியபோதும் அது திரும்பவில்லை. இன்ன கொடுமை என்று தெளிவாகக் கண்டு வெட்டியது வெட்டுண்டே கிடந்தது. வேர் என்று அவர்கள் நினைத்ததோ மறுபடியும் துளிர்த்தது. பிறனைக் கட்டாயப்படுத்தியாவது என் வழிக்குக் கொண்டுவருவேன் என்னும் விருப்பமே மெய்யான வேர். அது இரு தரப்பாரின் உள்ளத்திலும் ஓடிக்கொண்டிருந்தது.

மல்கியாவின் வசனத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். அங்கே சுட்டெரிப்பது கர்த்தருடைய நாள். கோடரி மனிதன் கையில் கொடுக்கப்படவில்லை. களைகளைப் பிடுங்கப் புறப்பட்ட வேலைக்காரரை நம் ஆண்டவர் தமது உவமையில் தடுத்ததற்கும் காரணம் உண்டு. நிலத்துக்குக் கீழே எந்த வேர் எதனோடு பின்னிக்கிடக்கிறது என்பதை மேலிருந்து பார்க்கிற நாம் அறியோம். கோதுமையும் கூடவே வந்துவிடும்.

எபிரெயர் 12:15 கசப்பான வேரைக்குறித்து எச்சரிக்கிறது. அந்த எச்சரிப்பு விசுவாசிகளின் கூட்டத்துக்கே எழுதப்பட்டது. உங்கள் சபையிலோ குடும்பத்திலோ ஒருவரை அடியோடு விலக்கினால் எல்லாம் சீராகும் என்று தோன்றுகிறதா? நடந்த அநீதி இன்னதென்று அஞ்சாமல் சொல்லுங்கள். அதை நிறுத்தவும் பாடுபடுங்கள். ஆனால் அவரே எல்லாவற்றுக்கும் வேர் என்று தீர்ப்பதற்கு முன், அவருடைய இடத்தில் நாளை நீங்கள் அமர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று தேவசமுகத்தில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்த்தர் நம் இருதயத்தின் நிலத்தை ஆராய்வாராக. ஆமென்.