காசிப் பழநகரும் நித்திய பூசையும்

காசி மாநகரின் தொன்மையைக் காண விழைவோர், அகன்ற சாலைகளை விடுத்துக் கங்கைக்கரைச் சந்துகளில் நடத்தல் வேண்டும். எதிர்வருவோர்க்கு ஒதுங்கி வழிவிட்டே செல்லவேண்டிய அச்சந்துகளினூடே அடியேன் கேதார கட்டத்தை அடைந்தேன். செம்மையும் வெண்மையுமாய்க் கோடிட்ட படித்துறையின் மேல் கேதாரேசுவரர் திருக்கோயில் திகழ்கின்றது. அதனை அடுத்தது குமாரசுவாமி மடம். தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரின் மாணாக்கராகிய குமரகுருபர சுவாமிகள் 17ஆம் நூற்றாண்டில் கண்ட மடம் அது.

விசுவநாதர் திருக்கோயிலோ 1669இல் ஔரங்கசீப்பின் ஆணையால் இடிபட்டது. நூறாண்டு கழிந்த பின்னரே இந்தூர் அரசி அகலியாபாய் அதனை மீண்டும் எழுப்பினார். 2021இல் கங்கைவரை பெருவழி அமைந்தபோது பழைய சந்துகள் சிலவும் மறைந்தன. கல்லும் சுதையும் இவ்வாறு மாறுவனவே. ஆயின் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்திலிருந்து அப்பெருமானுக்குப் பூசைப்பொருள்கள் நாள்தோறும் செல்கின்றன. 'சம்போ' என்னும் முழக்கம் கேட்டதும் கூட்டம் விலகி வழிவிடுகின்றது. தம் ஊரினின்று நெடுந்தொலைவில் அவர்கள் நிறுவிய அறக்கட்டளையின் பயன் இது.

அன்பர்களே! குடமுழுக்கு நிகழ்ந்த மூன்றாம் ஆண்டிலேயே ஒருகாலப் பூசைக்கும் வழியின்றி இருண்ட கோயிலொன்றை அடியேன் கண்டு கண்ணீர் வடித்ததுண்டு. கோபுரத்திற்குப் பொன் ஈந்த கைகள், நாளைய திருவிளக்கு நெய்க்கும் ஒரு கட்டளை வைத்தருளுக.

திருச்சிற்றம்பலம்.